மறுமொழி: வீட்டில் கட்டிய விமானமும் எல்.எஸ்.ஏ. வரம்பும் – சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம். வீட்டில் கட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் எல்.எஸ்.ஏ. வரம்புக்குள் வருவதைப் பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தார்கள். குழுவில் வந்த பரிந்துரைகள் இவை:

> லைட் ஸ்போர்ட் ஏர்கிராஃப்ட் (எல்.எஸ்.ஏ.) – மென்விளையாட்டு விமானம்
> ஹோம்பில்ட் – இல்லக்கட்டு விமானம்
> குவாலிஃபை ஆவது – தகுதிச் சான்று பெறுதல்

மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை, மூன்றாவதில் கொஞ்சம் பலமாகவே.

'விளையாட்டு விமானம்' என்றால் பிள்ளைகள் மொட்டைமாடியில் பறக்கவிடும் பொம்மைதான் நினைவுக்கு வரும். இங்கே போட்டியும் இல்லை, பந்தயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசைக்கு ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வருவதுதான் விஷயம். அதற்கு 'உலா' என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. இலகு உலா வானூர்தி. ஓட்டுபவர் உலா வானோடி.

'இல்லக்கட்டு' தவறான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கார் ஷெட்டில் கட்டினாலும் விமானக் கொட்டகையில் கட்டினாலும் அமெரிக்க விதிக்குக் கவலையில்லை. யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்பதுதான் கேள்வி. வேலையில் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, தன் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தவராக இருக்க வேண்டும். அதனால் 'தற்கட்டு வானூர்தி' என்கிறேன். தற்கொலை ஞாபகம் வருகிறது என்று ஒருவர் தனிமடலில் சிரித்தார். தற்காப்பும் தற்சார்பும் கூடத்தான் வரும், விடுங்கள்.

இனி மூன்றாவது. தற்கட்டு விமானத்துக்கு எல்.எஸ்.ஏ. என்று தனிச் சான்று யாரும் தருவதில்லை. அதன் சான்று 'சோதனை வகை (எக்ஸ்பெரிமென்டல்), தற்கட்டு' என்றுதான் இருக்கும். 2004 விதியில் எல்.எஸ்.ஏ. என்பது ஒரு வரையறை மட்டுமே: தரையில் இறங்குவதானால் புறப்பாட்டு எடை 1,320 பவுண்டுக்குள், இருக்கை இரண்டுக்கு மேல் கூடாது, கிடைப் பறப்பில் வேகம் 120 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவைத் தாண்டக்கூடாது, ஸ்டால் வேகம் (நேர்ப் பறப்பில் இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 45 நாட் அளவுக்குள், ஒற்றை பிஸ்டன் எஞ்சின், மடங்காத சக்கரம். அதற்குள் அடங்கினால் உலா வானோடி அதை ஓட்டலாம் என்பதே 2025 வரை இருந்த நிலை. அவருக்கு மருத்துவச் சான்றுக்குப் பதில் கார் ஓட்டுநர் உரிமமே போதும் (கடைசியாகக் கேட்ட மருத்துவச் சான்று மறுக்கப்படாமல் இருந்தால்). ஆட்கள் இந்த வரம்புக்குள் நிற்க ஏன் துடித்தார்கள் என்பது இப்போது புரியும்.

அந்த எடையைக் குறிப்பவரே கட்டியவர்தான். வடிவமைப்பு 1,400 பவுண்டு தாங்கும் என்று வையுங்கள். அந்த விதிக்காக அவர் 1,320 என்று எழுதிக்கொள்ளலாம். வெற்று எடை 800, ஆளுக்கு 190 வீதம் இருவர், ஆக 1,180. மிச்சம் 140. கேலனுக்கு 6 பவுண்டு கணக்கில் 20 கேலன் பெட்ரோல் ஊற்றினால் சாமான் பைகளுக்கு 20 பவுண்டு எஞ்சும். சமாளிக்கலாம். ஆனால் ஒருமுறை 1,400 என்று எழுதிச் சான்று வாங்கிவிட்டால், பிறகு குறைத்து எழுதிப் பயனிருக்கவில்லை. முதல் சான்று நாளிலிருந்து தொடர்ந்து வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் வாசகம். எர்கூப் என்ற பழைய சிறு விமானங்களில் 1,260 பவுண்டு வரம்புள்ள 415-சி மாதிரி உள்ளே இருந்தது, 1,400 பவுண்டு 415-டி மாதிரி வெளியே நின்றது. சி-யை டி-யாக மாற்றியிருந்தால் திரும்ப வழியில்லாமல் இருந்தது.

ஆகவே இது தேறுவதல்ல, அடங்கியிருப்பது. 'வரம்படங்கிய தற்கட்டு வானூர்தி' எப்படி?

> ஆர்.வி.-12 கிட் (பூட்டிக் கட்டிக்கொள்ளும் விமானப் பாகத் தொகுப்பு) வாங்கியவர்கள் எல்.எஸ்.ஏ. சான்றே வாங்குகிறார்களே ஐயா?

வாங்குகிறார்கள், அது வேறு கதவு. சோதனை வகை எல்.எஸ்.ஏ. என்று பெயர். அங்கே 51 சதவீதக் கணக்கு கிடையாது. ஆனால் சான்று பெறும்வரை தயாரிப்பாளர் சொன்னபடி அச்சு அசலாகக் கட்ட வேண்டும். சோதனைப் பறப்பு 5 மணி நேரம் போதும். தற்கட்டுக்கு வழக்கமாக 25 அல்லது 40. அதை 'கிட்கட்டு' என்றால் குழப்பம், ஏனெனில் தற்கட்டிலும் பலர் கிட்தான் வாங்குகிறார்கள். 'சோதனை வகை இலகு உலா வானூர்தி' என்று நீளமாகவே இருக்கட்டும்.

> எடைவரம்பு வானூர்தி என்றால் நேரடியாகப் புரியுமே!

2004 விதிக்குப் பொருந்தும். 2025 ஜூலையில் அமெரிக்கா அறிவித்த 'மொசைக்' என்ற புதிய விதி அதைக் கவிழ்த்துவிட்டது. 2025 அக்டோபர் 22 முதல் உலா வானோடிக்கு எடை வரம்பே இல்லை. இறக்கைமடிப்பை (ஃபிளாப்) விரிக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய வரம்பு. நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம், ஆனால் உடன் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். இனி 'இலகு' என்பதே பெயரளவுக்குத்தான். 'வரம்படங்கிய' மட்டும் எந்த வரம்பு வந்தாலும் தாங்கும்.

அப்புறம், ஸ்டாலுக்கும் சொல் பாக்கி இருக்கிறது. 'வேகமிழப்பு' தயவுசெய்து வேண்டாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிஞ்சும்போதுதான் அது நடக்கிறது, நல்ல வேகத்தில் போகும்போதும் நடக்கும். 'ஏற்றமிழப்பு' என்று ஒன்று மனதில் ஓடுகிறது. வேறு இருந்தால் எழுதுங்கள்.