நனைந்த பதிவேடுகளை எப்படி மீட்டீர்கள்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊராட்சியின் செயலர் நான். 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. எங்கள் அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர்.

குடிநீரைச் சமாளித்துவிட்டோம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறோம். தெருவிளக்கும் எரிகிறது.

சிக்கல் பீரோவின் கீழ்த்தட்டில். வீட்டு வரிப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் மூன்றும் சேற்றோடு ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. அவசரப்பட்டு ஒன்றை வெயிலில் வைத்தேன், அதுதான் தப்பு. தாள் முறுகிப்போனது. ஏற்கெனவே மை வேறு பரவியிருந்தது. இப்போது பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

2018 கஜா புயலில் இப்படி மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தணிக்கைக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? மன்றத் தீர்மானம் மட்டும் போதுமா, வி.ஏ.ஓ. சான்றும் கேட்பார்களா? ரசீது அடிக்கட்டையை வைத்துப் புதுப் பதிவேடு எழுதியவர்கள், ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஆள் பெயரை மறைத்துவிட்டுத்தான். அப்புறம், ஒட்டிய பக்கத்தைக் கிழியாமல் பிரிக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.