மலேசியாவில் தம்பி சம்பளத்தில் 600 ரிங்கிட் வரி பிடிக்கிறார்கள். காதுகுத்துக்கு 25 நாள் ஊருக்கு வரலாமா?

சாயல்குடி அக்கா:

வணக்கம். என் தம்பி 2025 அக்டோபர் 1-ஆம் தேதி மலேசியா போய் இறங்கினான். கோலாலம்பூர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். பெர்மிட் ஒரு வருஷத்துக்கு. பேசிய சம்பளம் மாதம் 2,000 ரிங்கிட். ஆனால் கைக்கு வருவது 1,350-க்குப் பக்கம்தான். 600 வரி என்று ரசீதில் போட்டிருக்கிறது, அப்புறம் ஒரு 40. அதே கடையில் மூன்று வருஷமாக இருக்கும் பரமக்குடிப் பையனுக்கு வரியே இல்லையாம். முதலாளி ஏமாற்றுகிறாரோ என்று பயமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

இன்னொன்று. வரும் வைகாசி இரண்டாவது ஞாயிறு, மே 24, என் மகளுக்குக் காது குத்துகிறோம். அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் இவன் ஒருவன்தான். மாமன் மடியில் உட்கார வைக்காமல் என் பிள்ளைக்குக் காது குத்த எனக்கு மனசு வராது. 25 நாள் லீவு கேட்டிருக்கிறான், முதலாளியும் சரி என்றுவிட்டார். ஆனால் அதிக நாள் வந்தால் வரிப் பணம் திரும்பாது என்று அங்கே யாரோ சொன்னார்களாம். உண்மையா? ஆவணிக்குத் தள்ளலாம் என்றால், எங்களுக்குக் கருப்பட்டித் தொழில். பதநீர் காலம் முடிந்துவிட்டால் கையில் காசு நிற்காது.

தொண்டி அண்ணன்:

தங்கச்சி, நான் எட்டு வருஷம் ஜொகூரில் கடை வேலை பார்த்தவன். இதே கணக்கு தெரியாமல் நான் பணத்தை விட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

600 பிடிப்பது ஏமாற்று இல்லை. அங்கே வரி வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் 182 நாள் மலேசியாவில் இருந்தவர் வரிக்கு ‘உள்ளூர்வாசி’. இல்லாதவருக்குக் கழிவு எதுவும் கிடையாது, சம்பளத்தில் நேராக 30 சதவீதம். 2,000-க்கு 600 அப்படித்தான் வருகிறது. உள்ளூர்வாசி ஆகிவிட்டால் தம்பி சம்பளத்துக்கு வரியே வராது. வருஷம் 24,000 ரிங்கிட்டில் 9,000 சொந்தக் கழிவு போகும். மீதி 15,000-க்கு வரி 100 ரிங்கிட். அதற்கும் 400 ரிங்கிட் வரைத் தள்ளுபடி உண்டு. பரமக்குடிப் பையனுக்குப் பிடிக்காதது இதனால்தான்.

அக்டோபரில் போனவருக்கு 2025-இல் 92 நாள்தான். ஆனாலும் வழி இருக்கிறது. அந்த 92 நாளைத் தொடர்ந்து, 2026 ஜனவரி 1 முதல் 182 நாள் விடாமல் அங்கே இருந்தால் 2025-க்கும் உள்ளூர்வாசி என்று எடுத்துக்கொள்வார்கள். ஜூலை 1-ஆம் தேதி 182 நிறைகிறது. நடுவில் ஊருக்கு வந்து போக மொத்தமாக 14 நாள் வரை விடுவார்கள். தனக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உடம்பு சரியில்லை என்று வந்தால் அது வேறு கணக்கு. காதுகுத்து அதில் சேராது.

25 நாள் வந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 2025-இல் பிடித்த மூன்று மாதத்து 1,800 ரிங்கிட் போய்விடும். நம் காசுக்கு 36,000 ரூபாய்க்குக் குறையாது. 2026-இல் பிடிப்பது போகாது, இந்த வருஷம் எப்படியும் 182 நாளைத் தாண்டிவிடுவார். நான் அப்போது சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு 23 நாள் வந்துவிட்டேன். முதல் வருஷத்து வரி திரும்பவே இல்லை.

அங்கே ஒரு நாளில் கொஞ்ச நேரம் இருந்தாலும் அது முழு நாள் கணக்கு. அதனால் மே 16 ராத்திரி திருச்சி விமானம் ஏறி, மே 31 பகலில் அங்கே போய் இறங்கினால் வெளியே இருந்தது சரியாக 14 நாள். ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வாரம் கிடைக்கும். ஒரு நாள் முன்னே திரும்பச் சொல்லுங்கள், விமானம் தள்ளிப்போனால் என்ன செய்வது. ஆவணி வேண்டவே வேண்டாம். அக்டோபரில் பெர்மிட் முடிகிறது, புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட் எல்லாம் அந்த நேரம்தான் கேட்பார்கள்.

அந்த 40 ரிங்கிட் இபிஎஃப், நம் ஊர் பிஎஃப் மாதிரி சேமநிதி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2 சதவீதம் கட்டாயம். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசுக்குக் கட்டும் பெர்மிட் லெவி 1,850 ரிங்கிட் 2018-லிருந்து முதலாளி பொறுப்பு. அதைச் சம்பளத்தில் கழித்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தப்பு. பக்குவமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முத்திரை குத்திய பக்கங்களைப் போன் எடுத்துப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் இஏ படிவத்தையும் முதலாளியிடம் கேட்டு வாங்கட்டும், பிப்ரவரிக்குள் கொடுத்திருக்க வேண்டும். பேங்க் கணக்கு தம்பி பெயரில் இருக்கட்டும், வரி திரும்பினால் அதில்தான் வரும்.

ராமநாதபுரம் கணக்கு எழுதுபவர்:

அண்ணன் சொன்னது மலேசியப் பக்கம். நம் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன விஷயம். இங்கே வருஷம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 1 வரை உங்கள் தம்பி இந்தியாவில் இருந்தது 182 நாளைத் தாண்டுகிறது. ஆகவே 2025-26-க்கு அவர் இங்கே உள்ளூர்வாசிதான், மலேசியச் சம்பளமும் கணக்கில் வரும். பயப்பட வேண்டாம், புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை மட்டும், வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறந்தால் வட்டிக்கு வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள்.

சாயல்குடி அக்கா:

அண்ணா, உங்கள் பதிலை அப்படியே தம்பிக்குப் படித்துக் காட்டினேன். முதலாளியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றான். மே 16 போக, மே 30 வர டிக்கெட் பார்க்கிறான். பாஸ்போர்ட்டை டிக்கெட் போடுவதற்கு என்று சொல்லிக் கேட்டிருக்கிறான், நாளைக்குத் தருவதாகச் சொன்னாராம். கையில் வந்ததும் படம் எடுத்து அனுப்புவான். இஏ படிவம் இன்னும் வரவில்லை, அதையும் நாளைக்கே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.