புதுப்பிப்பு: சின்ன அட்டைகளில் தமிழ்நாடு – திருத்தமும் சேர்ப்பும்

முந்தைய இழையில், ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஏ4 தாளை நாலாக மடித்து வெட்டி, அட்டைக்கு ஒரு மாநிலச் சின்னம் என்று முன்பக்கம் படமும் பின்பக்கம் 3 தகவலும் எழுதச் சொல்லியிருந்தேன்.

முதலில் திருத்தம். அந்த இழையில் மாவட்டங்கள் 37 என்று போட்டிருந்தேன், 38தான் சரி. மயிலாடுதுறை 2020இல் சேர்ந்தது. 32 என்று போட்டிருக்கும் புத்தகம் 2019க்கு முந்தையது. அதைத் தூக்கிப் போட வேண்டாம், விடுபட்ட ஆறையும் பிள்ளையே தேடி வரைபடத்தில் வண்ணமடிக்கட்டும். அந்தப் புத்தகத்தில் மாநிலப் பட்டாம்பூச்சியும் இருக்காது. தமிழ் மறவனை அறிவித்ததே 2019இல்தான்.

மாநில விலங்கான வரையாட்டின் அட்டையில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. மான் மாதிரி கிளைக்கொம்பு போட்டுவிடுகிறார்கள். வரையாட்டுக்குக் கிளை கிடையாது, பின்னோக்கி வளைந்த கொம்பு. விழுந்து முளைப்பதும் இல்லை. பெண்ணுக்கும் கொம்பு உண்டு, கொஞ்சம் சிறியது. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும், அதை விடாமல் வரையச் சொல்லுங்கள். 'வரை' என்றால் மலை என்று சொல்லிவிட்டால் வாழிடம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பறவை மரகதப்புறா. மயில் என்று எழுதினால் அது தேசியப் பறவை. மரம் பனை, இதில் குழப்பமே வராது.

மாநில மலரான செங்காந்தளுக்குப் படம் போதும். கிழங்கு உட்பட செடி முழுக்க நஞ்சு, பறித்து ஒட்ட வேண்டாம். ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும். பிள்ளைகளுக்கு வரைய ரொம்பப் பிடிக்கும்.