காதால் கேட்ட விண்வெளி: மலையகத்திலிருந்து சில அனுபவங்கள்

ஹட்டன்:
கொழும்பில் வேலை, லீவு கிடைத்தால் ஊர். கோட்டையில் பதுளை ரயில் ஏறினால் ஹட்டனுக்கு ஐந்தாறு மணி நேரம். நாவலப்பிட்டி தாண்டியதும் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால் ஒலிநூலை முன்பே தரவிறக்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். அறிவியல் புனைவிலும் மாயப் புனைவிலும் பல பாகங்களாக ஓடும் தொடர்களைக் கேட்டவர்கள் எழுதுங்கள். பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. எது காதில் நின்றது, எதைப் பாதியில் விட்டீர்கள், ஏன்?

நான் தொடங்கிவைக்கிறேன். 'எ சோங் ஒஃப் ஐஸ் அன்ட் ஃபயர்' தொடரை வாசித்தவர் ரோய் டொட்ரிஸ் என்ற முதுபெரும் நடிகர். முதல் பாகத்தில் மட்டும் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். முதல் மூன்று பாகங்களில் அந்தக் குரல்களுக்கு நான் அடிமை. ஐந்தாம் பாகத்துக்கு வந்தால் பதின்வயது அரசி பாட்டியின் குரலில் ஆணையிடுகிறாள். அங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை வாங்கினேன்.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை:
எனக்கு இரவு வேலை. கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிகள் விடியும்வரை இரைந்துகொண்டே இருக்கும். மெஷின் பக்கம் போகும்போது கழற்றிவிடுவேன், மற்ற நேரம் ஒரு காதில் மட்டும் கதை. இந்த இரைச்சலில்தான் எந்த வாசிப்பாளர் தேறுவார் என்பது தெரியும்.

'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நூலுக்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. ரொப் இங்லிஸ் 1990-இல் வாசித்தது ஒன்று, அன்டி சேர்கிஸ் 2021-இல் வாசித்தது மற்றொன்று. எல்லோரும் புதியதைத்தான் புகழ்கிறார்கள். திரைப்படத்தில் கொல்லம் என்ற பாத்திரமாக நடித்தவரே வாசிக்கிறார், நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கிசுகிசுக்கும் இடமெல்லாம் விசிறிக்குப் பலி. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடம் போர்க்களத்தில் அலறுகிறார், காது போகிறது. இங்லிஸ் ஒரே மட்டத்தில் நிதானமாகப் போகிறார், பாட்டு வந்தால் பாடியே விடுகிறார். அமைதியான அறை உள்ளவர்களுக்கு சேர்கிஸ், பஸ்ஸிலும் தொழிற்சாலையிலும் கேட்பவர்களுக்கு இங்லிஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று 'வீல் ஒஃப் டைம்'. பதினான்கு பாகங்கள். மைக்கல் கிரேமரும் கேட் ரீடிங்கும் பங்குபோட்டு வாசிக்கிறார்கள்: ஆணின் பார்வையில் போகும் பகுதி கிரேமருக்கு, பெண்ணின் பார்வையில் போவது ரீடிங்குக்கு. குரல் மாறியதுமே யாருடைய மனத்துக்குள் இருக்கிறோம் என்று விளங்கிவிடும். தூக்கக் கலக்கத்தில் கேட்பவனுக்கு இது பெரிய உதவி. ஆசிரியர் ரொபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்துவிட, கடைசி மூன்று பாகங்களை பிரண்டன் சண்டர்சன் எழுதி முடித்தார். வாசிப்பாளர்கள் மாறவில்லை என்பதால் கை மாறியது காதில் அவ்வளவாக உறுத்தாது. பத்தாம் பாகத்தில் மட்டும் கதை நகர மறுக்கிறது. புத்தகமாக இருந்தால் மூடி வைத்திருப்பேன்.

பண்டாரவளை:
'ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி' கேளுங்கள். 1978-இல் பிபிசி வானொலி நாடகமாகத்தான் அது முதலில் வந்தது, நாவல் அடுத்த வருடம். காதுக்கென்றே பிறந்த கதை. பஸ்ஸில் தனியாகச் சிரிக்க வெட்கப்படுகிறவர்கள் தவிர்க்கவும்.

மஸ்கெலியா:
அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை இன்னும் யாரும் தொடாதது ஆச்சரியம். 1956 முதல் இந்த நாட்டில் வாழ்ந்து 2008-இல் கொழும்பில் இறந்தவர். 'ஸ்பேஸ் ஒடிசி' நான்கு பாகங்களையும் கேட்டேன், முதல் இரண்டு போதும். நான் சொல்ல வந்தது 1979-இல் வெளிவந்த 'த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்'. தொடர் அல்ல, தனி நாவல்தான். ஆனால் நம் சிவனொளிபாதமலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதையை மஸ்கெலியாக்காரன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அப்படிப்பட்ட கோபுரம் பூமத்திய ரேகையில்தான் நிற்க வேண்டும், மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் நிலையத்தில் கட்டுண்டு. அதற்காகக் கிளார்க் கதையில் நம் தீவையே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டுவிட்டார். மலைக்குப் பெயர் ஸ்ரீகந்த. உச்சியில் மடம், இடம் தர மறுக்கும் பிக்குகள், பிடிவாதக்காரப் பொறியியலாளர். அவர்கள் வாதம் செய்யும் பகுதிகள் கேட்க அருமை. தொடக்கத்தில் பழங்கால அரசன் கதைக்கும் இருபத்திரண்டாம் நூற்றாண்டுக்கும் மாறி மாறித் தாவுவதால் கவனம் சிதறினால் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று தெரியாது.

யாத்திரை சீசன் காலத்தில் மலையடிவார நல்லதண்ணியில் எங்கள் தேநீர்க் கடைக்குள் இருந்தபடி, எதிரே மலையேறும் விளக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு மனக்குறை உண்டு. அத்தனை தூரம் சிந்தித்த எழுத்தாளருக்கு அந்த மலையடிவாரத்தில் கொழுந்து பறிக்கிற ஒருத்தியை முக்கியப் பாத்திரமாக்கத் தோன்றவில்லை.

மாத்தளை, ஆசிரியை:
மஸ்கெலியாத் தம்பிக்கு: நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த வழியில் நிற்கும் கதை ஒன்று உண்டு. ஜூல்ஸ் வேர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நூலில் கப்டன் நீமோ மன்னார்க் கடலின் முத்துப் படுகைக்கு வருகிறார். ஏழை முத்துக்குளிப்பாளி ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். தொடர்ச்சியாக வரும் 'மர்மத் தீவு' நூலில்தான் நீமோ இந்திய இளவரசர் என்பதும், ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றவர் என்பதும் வெளிப்படுகின்றன. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் பேத்தி நான். அந்த அத்தியாயத்தை வகுப்பில் ஒலிக்கவிட்டபோது மாணவர்கள் வரைபடத்தை எடுத்துவிட்டார்கள்.

காசும் தேவையில்லை. லிப்ரிவொக்ஸ் தளத்தில் காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள். கடன் அட்டை இல்லாத பிள்ளைகளுக்கு இதுதான் வழி. தன்னார்வலர்கள் என்பதால் ஒரே நூலில் நல்ல குரலும் வரும், தூங்கவைக்கும் குரலும் வரும். முதல் அத்தியாயத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

ஹப்புத்தளை:
'ப்ரோக்கன் ஏர்த்' முத்தொகுதி. என். கே. ஜெமிசின் எழுதியது, 2016, 2017, 2018 என்று மூன்று பாகங்களும் அடுத்தடுத்து அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றன. வாசிப்பவர் ரொபின் மைல்ஸ். கதையின் ஒரு பகுதி 'நீ' என்று விளித்தே போகும். தாளில் அது ஓர் உத்தி. காதில் யாரோ உன்னையே கூப்பிட்டுச் சொல்வதுபோல் இருக்கிறது. பூமி பிளக்கும் உலகம், பிள்ளையை இழந்த தாய்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்ததை அறிந்தவர்கள் மழை நாளில் இதைத் தொடங்க வேண்டாம். நான் வெயில் வரும்வரை நிறுத்திவைத்துத்தான் முடித்தேன். இங்கே சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான் என்பேன்.

நுவரெலியா:
எல்லாம் கேட்பதற்கு ஏற்றவை அல்ல. லியு சிசினின் 'த்ரீ பொடி ப்ரொப்ளம்' எடுத்துக்கொள்ளுங்கள். சீனப் பெயர்கள் காதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, இயற்பியல் விளக்கம் வந்தால் பின்னோக்கி நகர்த்தி நகர்த்தியே விரல் தேய்கிறது. அதைப் புத்தகமாகவே படியுங்கள்.

ஹட்டன்:
நன்றி. அம்மாவுக்கும் ஏதாவது வேண்டும், தமிழில்.

பண்டாரவளை:
சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', பிறகு 'மீண்டும் ஜீனோ'. என் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் நானே வாசித்துப் பதிவு செய்து, ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயமாக அனுப்பினேன். ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டுத்தான் முடியும். அம்மாவுக்கு அரசியல் சூழ்ச்சியில் அக்கறையே இல்லை. அந்த இயந்திர நாய்க்கு என்ன ஆனது என்று மட்டும் விடிந்ததும் கேட்பார். இரண்டு பாகத்தோடு முடிந்தது என்றால் நம்பவில்லை, நான் வாசிக்கச் சோம்பல்படுகிறேனாம்.