‘உவரி வீடு’ குரூப்: ஏழு டிகிரி கணக்கு

ஜெனிஃபர்: சேவியர் மாமா, அணு உலை கட்டுறதுக்கு முன்னாடி போடுற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பத்தி எனக்கு செமினார். கூடங்குளத்தையே எடுத்துட்டேன். குளிர்விச்சிட்டு வெளிய விடுற தண்ணி கடல் தண்ணிய விட 7 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அப்போ பிரச்சினை இல்லன்னு எழுதிரலாம்ல?

சேவியர் மாமா: அப்படி முடிச்சிராத மக்கா. 7 டிகிரி சூட்டோட அளவு. எவ்வளவு தண்ணிங்கிறது வேற கணக்கு.

மேரி சித்தி: காலையிலயே பாடமா? அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?

சேவியர் மாமா: வாங்கியாச்சு மேரி, அலமாரில இருக்கு.
ஜெனி, ஒரு உலைல 3000 மெகாவாட் சூடு வரும். கரண்டா வாறது 1000. பாக்கி 2000 கடலுக்குத்தான் போகும். அனல் நிலையம்னா கொஞ்சமாவது புகைபோக்கி வழியா போயிரும், இங்க அதுக்கும் வழி இல்ல.

ஜெனிஃபர்: திட்டத்துல உள்ள 6 உலைக்கும் சேத்து 12,000 மெகாவாட்டா!!

சேவியர் மாமா: ஆறு உலையும் ஓடுனாலும் தண்ணி கடல்ல சேருற வாய்க்கால் வாயில 7க்குள்ளதான் காட்டும். ஒரு சட்டி வெந்நி ஊத்துறதும் ஆறு சட்டி ஊத்துறதும் ஒண்ணாலே?

அருள் அண்ணன்: கடல் எவ்வளவு பெருசு மாமா. நிலக்கரிப் புகைக்கும் சாம்பலுக்கும் இது தேவலாம்லா.

சேவியர் மாமா: நான் வேண்டாம்னா சொன்னேன்? கணக்க ஒழுங்கா போடுன்னுதான் சொல்லுதேன். சூட்டுத்தண்ணி மேலாப்புல மிதக்கும். எந்தப் பக்கம் போகும்னு தாத்தாட்ட கேளு.

தாத்தா: (குரல் பதிவு 0:48)

மேரி சித்தி: எனக்கு ஓப்பன் ஆவல, யாராவது டைப் பண்ணுங்க.

ஜெனிஃபர்: தாத்தா சொன்னது: “கச்சான் (தென்மேக்குக் காத்து) காலத்துல நீவாடு (கடல் நீரோட்டம்) கிழக்க இழுக்கும், வாடைக்கு (வடகிழக்குக் காத்து) மேக்க திரும்பும். சூடு பட்டா மீனு ஓடிரும். பாருக்கும் (கடலடிப் பாறை) பாசிக்கும் காலு ஏது? சிங்கிறால் அத நம்பித்தான கெடக்கு.”

ஜெனிஃபர்: அதான் எல்லாப் பருவத்துலயும் அளக்கணும்னு எங்க மேடமும் சொன்னாங்க. ஆனா தேதியப் பாத்தா தலை சுத்துது. 1, 2ஆம் உலைக்கு அனுமதி 1989ல. மதிப்பீடு கட்டாயம்னு அறிவிக்கை வந்ததே 1994ல. 3லருந்து 6 வரைக்கும் நாக்பூர் நீரி (சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம்) போட்ட மதிப்பீட்டு அறிக்கை, 2007ல மக்கள் கருத்துக்கேட்பு, 2008ல அனுமதி. முதல் உலை ஓட ஆரம்பிச்சது 2013ல.

அருள் அண்ணன்: அப்போ ஒண்ணு கூட ஓடாமலே ஆறுக்கும் கணக்கு போட்டாச்சா?

சேவியர் மாமா: கம்ப்யூட்டர் மாடல் வச்சு. அது தப்புங்கல. ஆனா இப்ப ரெண்டு உலை ஓடுதுல்லா? மாடல் சொன்னதையும் கடல்ல அளந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. செமினாருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

ஜெனிஃபர்: அளந்தது எங்க கிடைக்கும்?

சேவியர் மாமா: அனுமதில சொன்ன நிபந்தனைப்படி நடக்காங்களான்னு ஆறு மாசத்துக்கு ஒருக்க இணக்க அறிக்கை குடுக்கணும், ஜூன் 1, டிசம்பர் 1. அது பொது ஆவணம்னு மதிப்பீடு பத்தின 2006 அறிவிக்கையிலயே இருக்கு. அங்கருந்து தேடு.

தாத்தா: (குரல் பதிவு 0:06)

ஜெனிஃபர்: அளக்கப் போறதுன்னா வள்ளம் வேணுமான்னு கேக்குறாங்க 😄

மேரி சித்தி: மொதல்ல மாத்திரையப் போடச் சொல்லு.