மறு: ஃப்ளூமுக்கு 'அளவிடுக்கு' சரிப்படுமா?

> 'அளவைக் கால்வாய்' என்றே வைத்துக்கொள்ளலாமே? பாடநூல் நடைக்கும் பொருந்தும்.

ஐயா, கால்வாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் ஃப்ளூமுக்கு அது பொருந்தும்தான். ஆனால் நேற்றுக் கட்டுரையில் 'கால்வாயில் அளவைக் கால்வாய் அமைத்துக் கால்வாய் மட்டத்தை அளந்து' என்று எழுதிவிட்டு, எது எதற்குள் இருக்கிறதென்று எனக்கே விளங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஃப்ளூம் அளப்பது தன் இடுக்கால். பக்கச் சுவர்கள் நெருங்கி வரவர, தண்ணீர் தொண்டையில், அதாவது மிகக் குறுகிய இடத்தில், வேகம் பிடிக்கிறது. கீழ்மட்டம் அளவுக்கு மீறி ஏறாதவரை, கீழே நடப்பது மேல்மட்டத்தைப் பாதிப்பதில்லை. அப்புறம் மேல்பக்கம் ஒரே ஓர் அளவுகோல் போதும். 1920களில் கொலராடோவில் பாசனப் பொறியாளர் பார்ஷல் வடிவமைத்ததில், ஓரடித் தொண்டைக்கு அளவுகோல் ஓரடி காட்டினால் விநாடிக்கு 4 கன அடி. இரண்டடி காட்டினால் எட்டு இல்லை, ஏறக்குறைய பதினொன்றரை.

பாலக்காட்டு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'இடுக்கு' தமிழிலும் மலையாளத்திலும் விளங்கும். இடுக்கி என்ற பேரே அதில் வந்ததுதானே! பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளந்து வாங்கும் சீமை இது. 'அளவு' என்றால் இங்கே யாருக்கும் உரை எழுத வேண்டாம்.

கட்டுரையில் ஓட்டத்தைக் கணினியால் கணக்கிடும் பகுதிக்கு வருகிறேன். ஓட்டத்தைச் சிறுசிறு அறைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை பங்கு காற்று என்று கணக்கு வைக்கும் முறை, 1981இல் ஹர்ட்டும் நிக்கல்ஸும் வெளியிட்டது. அந்த அறைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், மீன்வலைக்காரர் சொல்லும் 'வலைக்கண்' இருக்கிறது. தொண்டையில் நீர்மட்டம் வளைந்து இறங்குவதால் அங்கே கண் சிறுத்திருக்க வேண்டும்.

கீழ்மட்டம் ஏறி மேல்மட்டத்தையும் உயர்த்தும் நிலைக்கு 'மூழ்கல்' என்று நான் போட்டிருந்ததைத் திரும்பப் பெறுகிறேன். கீழ்மடை அடைத்தால் எங்கள் சித்தப்பா 'தண்ணி எதிரேறுது' என்பார். ஆகவே எதிரேற்றம். ஓரடி முதல் எட்டடி வரையுள்ள பார்ஷல் தொண்டைகளில், கீழ்மட்டம் மேல்மட்டத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஒற்றை அளவுகோலை நம்ப முடியாது, கீழேயும் ஒன்று பார்க்க வேண்டும். மேல்மட்டத்தில் கீழ்மட்டம் எத்தனை விழுக்காடு என்பதை 'எதிரேற்ற விகிதம்' எனலாம்.

———

> தம்பி, எதிரேற்றம் அருமை. ஆனால் 'அளவிடுக்கு' என்பதை 'அளவிடு' என்ற வினையாகப் படிக்கிறேன். மூன்று முறை தடுக்கினேன்.

நான் கவனிக்கவே இல்லை, ஐயா. உங்கள் 'அளவை'யை எடுத்துக்கொண்டு, பிரித்தே எழுதுகிறேன்: அளவை இடுக்கு. பார்ஷல் அளவை இடுக்கு. வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. கட்டுரையில் மாற்றிவிட்டேன், 'தொண்டை' அப்படியே இருக்கட்டும்.