கிலோக் கணக்குக்கு மாறினால் அம்மாவுக்கு லாபமா? (நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்த காலத்து உரையாடல்)

ராகலை மகள்:
அம்மாவுக்கு 47 வயது. நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் 22 வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1000 ரூபாயிலிருந்து 1350 ஆனபோது சற்று மூச்சு விட்டோம். ஆனால் எங்கள் தோட்டத்தில் 18 கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) என்பதால், கொழுந்து குறைந்த மாதங்களில் பாதி நாட்கள் அரைப்பேராகவே (அரைநாள் சம்பளமாகவே) போகின்றன. சென்ற மாதம் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து கைக்கு வந்த தொகை, கடைக் கொப்பியில் இருந்த கடனுக்கே போதவில்லை. இப்போது நிர்வாகம் தேயிலை மலையில் ஒரு துண்டை எங்கள் பொறுப்பில் பிரித்துத் தருவதாகவும், நாட்சம்பளத்துக்குப் பதிலாகப் பறிக்கும் கொழுந்துக்குக் கிலோவுக்கு 85 ரூபாய் கொடுப்பதாகவும், செக்ரோலிலிருந்து (நாட்சம்பளத் தொழிலாளர் பெயர்ப்பதிவிலிருந்து) பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 25 கிலோ பறித்தால் 2125 ரூபாய் வருமே என்கிறார் அம்மா. மாறலாமா?

பழைய கணக்கப்பிள்ளை:
தங்கச்சி, 25 கிலோவை வைத்துக் கணக்குப் பார்க்காமல் 18 கிலோவை வைத்துப் பாருங்கள். 1530 ரூபாய் வரும். செக்ரோலில் இருக்கும்போது 1350க்கு மேல் தோட்டம் தன் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் (162 ரூபாய்) ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் (40.50) கட்டுகிறது. ஆக 1552.50. அதாவது 85 ரூபாய் என்பது உயர்வே அல்ல. இதற்கு வெளியே பணிக்கொடையும் (வேலையை விட்டுப் போகும்போது தரும் மொத்தத் தொகை) இருக்கிறது: நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பதால், 22 வருடத்துக்கு 4,15,800 ரூபாய். பெயரை நீக்கச் சொல்பவர்கள் அந்தத் தொகையைப் பற்றி வாய் திறந்தார்களா?

மஸ்கெலியா அக்கா:
அண்ணா சொல்வது முழுப்பேர் நாளுக்குச் சரி. 12 கிலோ பறித்த நாளில் அரைப்பேர் 675 தான். கிலோக் கணக்கில் அதுவே 1020. நான் மூன்று வருடமாகத் துண்டு மலையில்தான் இருக்கிறேன். காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடவேண்டியதில்லை, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போகலாம் என்பது எனக்குப் பெரிய விடயம். ஆனால் புல் வெட்டுவதும் உரமும் என் செலவாகிவிட்டன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காய்ந்தால் கொழுந்தே இல்லை, அப்போது அரைப்பேரும் கிடையாது.

பழைய கணக்கப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன், அக்கா. 1000 ரூபாய் 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோதும் அது அசையவில்லை. அந்த மூன்றரை வருடத்தில் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இதில் 1350 எந்த மூலைக்கு? கையில் காசு வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் தங்கச்சி, பெண்கள் சேமலாப நிதியை எடுக்கும் வயது 50. அதற்கு மூன்று வருடமே இருக்கும்போது கையெழுத்திட வேண்டாம். மாறியே ஆகவேண்டுமென்றால், பணிக்கொடையைச் சேவை முடிந்து 30 நாட்களுக்குள் தரவேண்டும் என்பது சட்டம்; அதைக் கையில் வாங்கிய பிறகு பேசுங்கள். உரம் யார் செலவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ராகலை மகள்:
நன்றி. நேற்றிரவு அம்மாவின் பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்தோம்; 2009க்குப் பிந்திய சம்பளத் துண்டுகள் பெரும்பாலும் இருக்கின்றன, முந்தியவை கரையான் அரித்துவிட்டன. அந்த வருடங்களுக்குத் தொழில் திணைக்களத்தில் விசாரிக்கப் போகிறேன். அதுவரை அம்மா கையெழுத்திடமாட்டார்.